மே பதினொன்றில் தடுக்கி விழுந்த மஞ்சள்

டிசம்பர் 1, ஞாயிறு

பதினோரு மாதம் காலியாகக் கிடந்த டைரியை இன்று எடுத்திருக்கிறேன். போன வருடக் கடைசியில் மஞ்சள் வணிகர் சங்கத்தில் கொடுத்தது. அப்போதே ஆரம்பித்திருக்கலாம். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது.

நேற்றோடு உள்ளூர் கேபிள் சேனல் வேலையை விட்டுவிட்டேன். பதினான்கு வருடம் எடிட்டர். தேர், கட்சிக் கூட்டம், நகைக்கடைத் திறப்பு என்று வெட்டி ஒட்டியது போதும். கிளம்பும்போது முதலாளி தங்கவேலுவிடம், "இனி எம்பேரைப் பெரிய திரையில பார்ப்பீங்க" என்றேன். அவர், "சரிங்க மதிவாணன், ஏசியை அணைச்சுப்போட்டுப் போங்க" என்றார்.

விஷயம் இதுதான். சங்கத்துக்கு நான் ஒரு மூன்று நிமிட அனிமேஷன் படம் செய்து தர வேண்டும். ஈர மஞ்சளை மார்க்கெட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லும் படம். கதாநாயகன் ஒரு மஞ்சள் கிழங்கு. ஜனவரி 19 அன்று மாநாட்டில் திரையிடுகிறார்கள். பிடித்துப்போனால் வருடம் முழுக்க மாதம் ஒரு படம். பிடிக்காவிட்டால் தங்கவேலுவின் ஏசி அறைக்கே திரும்ப வேண்டும், அதுவும் அவர் சேர்த்துக்கொண்டால்.

முதலில் ஒர்க்ஸ்டேஷன். வேலைக்கேற்ற கணினி, மேஜை, திரை, நாற்காலி, வெளிச்சம் எல்லாம் முறையாக அமைந்துவிட்டால் படம் தானாக வந்துவிடும். என் மனைவி வசந்தாமணி சமையலறைப் பக்கத்துப் பழைய கணினியில் பெட்ஷீட்டுக்குப் பூ வரைந்துகொண்டிருந்தாள். பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கு எட்டு வருடமாக வரைந்து கொடுக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே, "ஏனுங்க, மூணு நிமிசப் படத்துக்கு இந்த சிஸ்டம் பத்தாதுங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். பெட்ஷீட் வேறு, அனிமேஷன் வேறு.

டிசம்பர் 3, செவ்வாய்

அறைக்குப் பெயின்ட். நிறம் பார்த்து வேலை செய்கிறவன் சுவர் சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும். வெள்ளைப் பக்கமும் சாயாமல் கறுப்புப் பக்கமும் சாயாமல் நடுச் சாம்பல். சுவர் பச்சையாக இருந்தால் கண்ணுக்குத் திரையில் சிவப்பு கூடுதலாகத் தெரியும். இதைப் பெயின்ட் கடைக்காரரிடம் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்ல யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்றார்.

வசந்தாமணி கேட்கிறாள்: "மஞ்சக் கெழங்குக்குக் காலு உண்டுங்களா?" அதெல்லாம் பாத்திர வடிவமைப்புக் கட்டத்தில் முடிவாகும் என்றேன். இப்போது நாம் இருப்பது சுவர்க் கட்டத்தில்.

டிசம்பர் 4, புதன்

பெயின்ட் காயவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

காய்ந்தது. ஆனால் கொஞ்சம் நீலம் அடிக்கிறது. மறுபடி ஒரு கோட்டிங்.

கணினியின் பாகங்களுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, இரண்டு திரை, மைக், யுபிஎஸ். வரைவதற்கு ஒரு டிஜிட்டல் பலகையும் பேனாவும், அது முதலில் வந்துவிட்டது. என் பெரிய கவலை பஞ்சு. வீரப்பன்சத்திரத்தில் குடியிருந்துகொண்டு பஞ்சைத் தவிர்க்க முடியாது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. பறக்கிற பஞ்செல்லாம் கணினியின் காற்றாடிக்குள் போய் அடைத்தால் சூடேறி நின்றுவிடும். வசந்தாமணி பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்துக் கட்டினால் போதும் என்கிறாள். அவளுடைய கணினியில் அப்படித்தான் கட்டியிருக்கிறாள், தண்ணீர்க் குழாயில் கட்டுவதுபோல. நான் கோயமுத்தூரிலிருந்து முறையான ஃபில்டர் வரவழைக்கிறேன்.

சங்கச் செயலாளர் சென்னியப்பன் அய்யா போன் செய்தார். "நம்ம மஞ்சள் எப்படி இருக்கும்னு ஒரு படம் போட்டு அனுப்புங்க, கமிட்டியில காட்டோணும்." முன்தயாரிப்பில் இருக்கிறது என்றேன். நல்ல மனிதர். ஒரு கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் சுழன்று வந்த பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று விசாரித்து என்னிடம் வந்தவர். அந்தப் பிள்ளையார் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கறுப்புச் சட்டைக்காரர் மகனுக்குப் பிள்ளையார் வாங்கித் தந்த வேலை என்று அப்பா இருந்திருந்தால் கேலி செய்திருப்பார்.

டிசம்பர் 10, செவ்வாய்

எட்டும் ஒன்பதும் ஒரே தாள். கிழித்துவிட்டேன். எட்டாம் தேதி எழுதியதில் ஒரு வரி சரியில்லை.

வரைபலகையைப் பழைய கணினியில் மாட்டிச் சோதித்தேன். பேனாவின் அழுத்தம் சரியில்லை. மேஜை உயரமும் சரியில்லை. எழுதியதும் அழித்ததுமாக மூன்று மணி நேரம் போயிற்று.

டிசம்பர் 11, புதன்

வசந்தாமணி, "அந்தப் பலகை சும்மாதான கெடக்குது, புது சிஸ்டம் வர்ற வரைக்கும் நான் பூவு வரைஞ்சுக்கட்டுங்களா?" என்றாள். எடுத்துக்கொள் என்றேன். எந்தப் பொருளும் உபயோகத்தில் இருந்தால்தான் நல்லது.

டிசம்பர் 13, வெள்ளி

நாற்காலி வந்தது. இது சாதாரண நாற்காலி அல்ல. முதுகு, இடுப்பு, கழுத்து, முழங்கை, நான்குக்கும் தனித்தனித் திருகு. முழங்கை மேஜையோடு நேராக இருக்க வேண்டும், கண் திரையின் மேல்விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். நாள் முழுவதும் ஏற்றி இறக்கி என் உயரத்துக்குச் சரிசெய்து, திருகுகளை இறுக்கிவிட்டேன். இனி யாரும் தொடக்கூடாது.

அட்டைப்பெட்டிகளையும் தெர்மோகோலையும் நடையில் அடுக்கியிருக்கிறேன். வசந்தாமணி ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டாள். வாரண்டி உள்ளவரை பெட்டியைத் தூக்கிப் போடக்கூடாது. மூன்று வருடம்தான்.

டிசம்பர் 16, திங்கள்

கணினி வந்துவிட்டது! கண்ணாடிப் பக்கம் வைத்த கறுப்புப் பெட்டி. மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமனார் நாச்சிமுத்து சென்னிமலையிலிருந்து வந்திருக்கிறார், பல் வைத்தியத்துக்கு. பத்து நாள் தங்குவார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்பிள்ளை, இன்னைக்கு மார்கழி ஒண்ணு. மார்கழியில புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டாங்களே. தை பொறக்கட்டுமுங்க" என்றார்.

என் அப்பா வாழ்நாளெல்லாம் நல்ல நேரத்தைக் கிண்டல் செய்தவர். நானும் பஞ்சாங்கம் பார்ப்பவன் அல்ல. ஆனால் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லும்போது முகத்தில் அடித்ததுபோல் மறுத்துப் பேசுவது பகுத்தறிவு ஆகாது. மனிதரை மதிப்பதும் பகுத்தறிவுதான். "சரிங்க மாமா, தை ஒண்ணாந்தேதி ஆன் பண்ணிக்கலாம்" என்றேன்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்தையே உங்கப்பா ராகு காலத்துல தானுங்க பண்ணி வெச்சாரு" என்றாள். அது வேறு விஷயம். கல்யாணத்துக்கு கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

டிசம்பர் 17, செவ்வாய்

கணினியை உறை போட்டு மூடியாயிற்று. பஞ்சு படாது.

டிசம்பர் 20, வெள்ளி

சென்னியப்பன் அய்யாவிடம் மாநாட்டுப் படத்தைத் தை கடைசிக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். "மாநாட்டைத் தள்ளலாமுங்க. ஆனா மண்டபத்துல கல்யாணம் வெச்சிருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்களே" என்றார். சிரிப்பது தெரிந்தது. பிறகு சிரிக்காமல், "மதிவாணன், உங்களை நம்பித்தான் கமிட்டியில சொல்லியிருக்கறேன்" என்றார். போனை வசந்தாமணி கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

வெளியே வரும்போது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "வேவிச்ச மஞ்ச எத்தன நாளுங்க காயோணும்? ஏலத்துக்குக் கடைசியா வர்ற மூட்டைய என்னங்க பண்ணுவாங்க?" என்று ஏதேதோ கேட்கிறாள். அவளுக்கு யாரோடும் பேச்சு வளர்க்கத் தெரியும். நல்லதுதான், அதற்குள் எனக்கும் சற்று ஓய்வு.

டிசம்பர் 23, திங்கள்

ஆன் செய்யக்கூடாது என்றால் மற்ற வேலை செய்யக்கூடாது என்று அர்த்தமில்லை. இன்று ஒயர்களை ஒழுங்குபடுத்தினேன். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் சிறு சீட்டில் பெயர் எழுதி ஒட்டி, கட்டுப்பட்டி போட்டு, மேஜைக்கு அடியில் ஒரே கொத்தாகக் கொண்டுபோனேன். யாராவது குனிந்து பார்த்தால் அசந்துபோவார்கள். யாரும் குனியவில்லை.

வசந்தாமணி மூன்று நாளாகப் பழைய கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. பொங்கலுக்குள் முடிக்க வேண்டிய பெரிய ஆர்டராம். சாப்பாடு இன்றும் தயிர் சாதம்.

டிசம்பர் 27, வெள்ளி

மாமா ஊருக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை, பொட்டிய ஆன் பண்ணிட்டீங்கல்ல?" என்றார். நீங்கள்தானே மார்கழி என்றீர்கள் என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அட, நான் பேச்சுக்குச் சொன்னனுங்க! உங்கப்பா மகன் எங்க கேக்கப் போறாருன்னு சொல்லிப்போட்டேன். பதினஞ்சு வருசமா நான் சொன்ன எதையுங்க நீங்க கேட்டிருக்கறீங்க?"

உண்மைதான். வழியனுப்பிவிட்டு வந்து நாற்காலியின் கழுத்துத் திருகைக் கொஞ்சம் சரிசெய்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

டைரியில் கடைசிப் பக்கம். இன்னும் பத்தொன்பது நாள். ஒரு படம்கூட வரையவில்லை. பயமாக இருக்கிறது.

ஜனவரி 1, புதன்

புது டைரி இந்த வருடம் கிடைக்கவில்லை. பழையதிலேயே முன்பக்கம் முழுவதும் காலியாக இருக்கும்போது எதற்கு இன்னொன்று? திங்கள் என்று அச்சடித்திருப்பதை அடித்துப் புதன் என்று எழுதிக்கொண்டால் போயிற்று என்று முதல் பக்கத்தைத் திறந்தேன்.

காலியாக இல்லை. பக்கத்தின் கீழ்மூலையில் கட்டைவிரல் அளவில் பென்சிலால் ஒரு மஞ்சள் கிழங்கு. இரண்டு கால், உருண்டைக் கண், தலையில் காய்ந்த வேர் மூன்று, முடிபோல. புரட்டினேன். வலப்பக்கத் தாள் எல்லாவற்றிலும் அதே கிழங்கு, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் தள்ளி. தாள்களை விரலால் சரசரவென்று விட்டேன்.

நடந்தது. ஜனவரியில் கிளம்பி, பிப்ரவரியில் வேகம் பிடித்து, மார்ச்சில் எட்டிப் பார்த்து, மே பதினொன்றாம் தேதி தடுக்கி விழுந்தது. மே பதினைந்து வரை எழுந்திருக்கவில்லை. பிறகு கையை ஊன்றி எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்து, ஜூனில் மறுபடி நடந்தது. நாற்பது முறையாவது விட்டுப் பார்த்திருப்பேன்.

பிறகு மற்ற பக்கங்களையும் பார்த்தேன். டிசம்பர் பத்தாம் தேதிப் பக்கத்தின் அடிப்பாதியில் பென்சிலை மெல்லச் சாய்த்து யாரோ தேய்த்திருக்கிறார்கள். நான் அழுத்தி எழுதிக் கிழித்துப்போட்ட எட்டாம் தேதிப் பக்கத்தின் தடம், சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. "எனக்கு ஒரு பூனையைக்கூட வரையத் தெரியாது."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. அந்தக் கிழங்கு திரும்பிப் பார்க்கிற இடம் மட்டும் எனக்கு நூறு வருடம் கொடுத்தாலும் வராது.

யார் வரைந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 2, வியாழன்

இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

ஜனவரி 4, சனி

காலையில் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பழைய கணினியைப் பார்த்தேன். மஞ்சள் வேகவைக்கிற கொப்பரைக்குள் குதித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வசந்தாமணி சட்டென்று ஒரு ரோஜாப்பூ பெட்ஷீட்டைத் திறந்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

ஆனால் கணினி முனகுவது காதில் விழுந்தது. வரைந்த படங்களைச் சேர்த்து வீடியோவாக்கித் தருவதை ரெண்டர் என்போம். அந்தப் பழைய பெட்டி ஒரு நொடிப் படத்துக்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் நடுவில் எத்தனை முறை நின்றுபோகுமோ.

அறைக்கு வந்தேன். உறையை எடுத்தேன். மார்கழி இருபது, சனிக்கிழமை, காலை ஒன்பதரை, நல்ல ராகு காலம். பொத்தானை அழுத்தினேன். உள்ளே நீல விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். ஏதோ பெரிதாக நடக்கும் என்று இருந்தேன்.

"வசந்தா, சிஸ்டத்தை டெஸ்ட் பண்ணோணும். பெருசா ஏதாச்சும் ஃபைல் இருந்தா குடு" என்றேன்.

பிறகு பென்டிரைவோடு வந்து நின்றாள். அதில் ஒரு சீட்டு ஒட்டி, "பெட்ஷீட்" என்று எழுதியிருந்தது. சீட்டு ஒட்டுவது என் பழக்கம். "பெட்ஷீட்டு டிசைனுங்க. கொஞ்சம் பெருசா இருக்கும்" என்றாள்.

"டபுள் கட்டிலுக்கா?"

"மண்டபத்துக்கு ஆவறாப்பிலங்க."

நாற்பது நொடி பெட்ஷீட் ஆறு நிமிடத்தில் முடிந்தது. திறந்து பார்க்கவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டு பெட்ஷீட்.

ஜனவரி 8, புதன்

மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்சாரம் கிடையாது. தறிகள் அத்தனையும் நின்றுவிட்டன. இந்தத் தெருவில் மாதத்தில் இந்த ஒரு பகல்தான் காக்கை கத்துவது கேட்கும்.

வசந்தாமணி வந்து, "ஏனுங்க, மைக்கு வாங்கி வெச்சீங்களே, டெஸ்ட் பண்ணிட்டீங்களா? தறி ஓடாத நேரமாப் பாத்துப் பண்ணிக்கலாமில்லீங்க?" என்றாள். கையில் ஒரு தாள். "சும்மா எதையாச்சும் பேசறதுக்கு இதை வாசிங்க."

மின்சாரம் இல்லாமல் எப்படி? யுபிஎஸ்தான். சரியாக இருபத்திரண்டு நிமிடம் தாங்கும். திரை ஒன்றை அணைத்துவிட்டு, மின்விசிறி இல்லாமல், கதவை மூடி, கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரொலி வராமலிருக்கக் கம்பளி.

தாளில் "குண்டு மஞ்சள்" என்று ஒருவன் பேசுகிற வசனம். "அவசரப்படாதீங்க, ஏற்பாடு இன்னும் முடியல." "இந்தப் பக்கம் மெருகு பத்தாது, இன்னொரு சுத்து விடுங்க." இப்படிப் பதினாறு வரி. நாடகத்தில் வருவதுபோல் குரலை ஏற்றி வாசித்தேன். வசந்தாமணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நடிக்க வேண்டாமுங்க. தெனமும் பேசறாப்பிலயே பேசுங்க, போதும்."

பேசினேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் அந்தச் சத்தமும் பதிவாகிவிட்டது. இருபத்தொன்றாவது நிமிடத்தில் யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது. மைக் நன்றாக வேலை செய்கிறது.

ஜனவரி 11, சனி

பென்டிரைவில் இன்று சீட்டு இல்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, "இது மூணே முக்கால் நிமிசம் வருதுங்க. மூணு நிமிசத்துக்குள்ள கொண்டாரோணும். எனக்கு வெட்டத் தெரியாது" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தேன். முழுவதும். கதாநாயகன் விரலி மஞ்சள். நம் டைரியில் தடுக்கி விழுந்தவன்தான். ஈரத்தோடு மார்க்கெட்டுக்கு ஓடப் பார்க்கிறான், தோட்டத்துக்காரம்மா பிடித்து இழுத்துக் காயப் போடுகிறாள், காய்ந்து மெருகேறி ஏலத்துக்குப் போகிறான். சங்கம் கேட்ட கதை அவ்வளவுதான். கூடவே குண்டு மஞ்சள் என்று ஒருவன். நன்றாகக் காய்ந்தவன், அன்றைக்கே போயிருக்கலாம். ஆனால் இன்னும் மெருகு, இன்னும் மெருகு என்று களத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். சாக்கு சரியில்லை, தைத்த நூல் சரியில்லை, வண்டியில் உட்காரும் உயரம் சரியில்லை. தன் வேர்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டுகிறான். கடைசியில் பளபளவென்று மார்க்கெட்டுக்குப் போனால் ஷட்டர் போட்டிருக்கிறது. பூட்டைப் பார்த்து, "ஏலம் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்கிறான்.

மிகையான பாத்திரம். இப்படியெல்லாம் ஆள் இருக்க மாட்டார்கள் என்றேன்.

"இருப்பாங்களுங்க" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

குண்டு மஞ்சள் வரும் காட்சிகளைக் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்து நான்கு நொடி. அவனை மட்டும் அடியோடு எடுத்துவிட்டால் படம் மூன்று நிமிடத்துக்கு ஒரு நொடி கூட. கதை எங்கும் அறுபடாது. சங்கம் கேட்டதற்குக் குறையும் இல்லை. மாநாட்டுக்குத் தங்கவேலுவும் கேமராவோடு வருவார், அதையும் நினைத்துக்கொண்டேன். எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சங்கத்துக் காலண்டர்போல இருந்தது.

பதினான்கு வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான், எதை வெட்டக்கூடாது என்பது. தங்கவேலு சொன்னார், தலைவர் சொன்னார் என்று நல்ல இடம் எத்தனையோ வெட்டியிருக்கிறேன், வெட்டிய ஒவ்வொன்றும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் அவனைத் திரும்ப ஒட்டினேன். அதற்குப் பதில் செயலாளரின் வாழ்த்துரை, சூரியோதயம், பறவைக்கூட்டம், மூன்றையும் தூக்கினேன். பூட்டைப் பார்க்கிற இடத்துக்கும் அவன் கேள்விக்கும் நடுவே பன்னிரண்டு பிரேம், அதாவது அரை நொடி, சும்மா விட்டேன். வசந்தாமணி பார்த்துவிட்டு, "இதென்னங்க, ஒண்ணுமே சேர்க்காம இன்னும் சிரிப்பா வருது?" என்றாள்.

எனக்கு இன்று முழுவதும் மனது நிறைந்திருந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

தை ஒன்று. மாமா போன் செய்தார். "இன்னைக்கு நல்ல நாளுங் மாப்பிள்ளை, தாராளமா ஆன் பண்ணுங்க." சரிங்க மாமா என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

பெயர் போட வேண்டும். வசந்தாமணி, "உங்க பேரைப் போட்டுக்குங்க, உங்களுக்குத்தான வேலை குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுப்பொங்கல் ஓய்ந்த ஊரில் காய் கிடைக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் தட்டச்சு செய்தேன், அழித்தேன். இரண்டு வரிக்கு ஒரு மணி நேரம். பிறகு போட்டுவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மண்டபம் நிறைந்திருந்தது. விவசாயிகள், வியாபாரிகள், குடோன்காரர்கள். மேடை ஓரத்தில் தங்கவேலு ஆட்களோடு கேமராவை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏழாவது வரிசை. வசந்தாமணி என் பக்கம் திரும்பவே இல்லை, கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள்.

விரலி தடுக்கி விழுந்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஆனால் குண்டு மஞ்சள் வாயைத் திறந்தானே, மண்டபம் குலுங்கியது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் தொடையைத் தட்டி, "இது எங்க சம்பந்தியேதானுங்க! வெலை ஏறட்டும் ஏறட்டும்னு மூணு வருசமாச் சரக்கைக் குடோன்ல வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு" என்றார். பின்வரிசையில் ஒருவர் தன் பங்காளி பெயரைச் சொன்னார். முன்வரிசையில் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார், வீட்டுக்காரர் வேறு யாரையோ பார்த்தார். எல்லோரும் யாரையோ நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் நினைத்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

"ஏலம் எத்தனை மணிக்குங்க?" வந்தபோது விசில் அடித்தார்கள். அரை நொடி விட்டது வீண்போகவில்லை.

பெயர் வந்தது. "கதை, ஓவியம், அசைவூட்டம்: வசந்தாமணி." அடியில், "குண்டு மஞ்சள் குரலும் எடிட்டிங்கும்: மதிவாணன்." வசந்தாமணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் இப்போதும் தெரிகிறது.

சென்னியப்பன் அய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கையைக் குலுக்கிவிட்டு, "மீதிப் படங்களப் பத்தி அம்மிணிகிட்டயே பேசிக்கறனுங்க" என்றார். பக்கத்தில் தங்கவேலு. திரையைக் காட்டி, "பேரைப் பார்த்தேன் மதிவாணன். படமெல்லாம் அவங்க வரைஞ்சாங்கன்னா, ரெண்டு மாசமா நீங்க என்னதான் பண்ணுனீங்க?" என்றார்.

"சிஸ்டம் செட் பண்ணுனனுங்க" என்றேன். பொய் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

புது அறையை வசந்தாமணிக்குக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்றாள், பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். கணினியின் பின்பக்கம் கோயமுத்தூர் ஃபில்டர் அதற்குள் பஞ்சால் அடைத்துவிட்டது. பழைய கணினியைப் பிரித்துப் பார்த்தால் வேட்டித் துணிக்கு உள்ளே ஒரு தூசி இல்லை. இன்னொரு வேட்டியைக் கிழித்துப் புதியதற்கும் கட்டினேன். இனி பழையது எனக்கு. எதிர்வீட்டுக் காதுகுத்து வீடியோ ஒன்று வந்திருக்கிறது, அதில் ஆரம்பிக்கிறேன்.

நாற்காலிதான் தகராறு. திருகை எவ்வளவு இறக்கியும் அவள் கால் தரையைத் தொடவில்லை, நான்கு விரல் உயரத்தில் தொங்கியது. நடைக்குப் போய்ப் பெட்டிகளைப் பிரித்து, இருப்பதிலேயே கனமான தெர்மோகோலை எடுத்து, காய்கறிக் கத்தியால் அளவாக அறுத்தேன். வீடெல்லாம் வெள்ளைத் துகள் பறந்தது.

"ஏனுங்க, வாரண்டி?" என்றாள் வசந்தாமணி.

நான் தெர்மோகோலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, "காலு எட்டுதா பாரு" என்றேன்.

எட்டியது. காலைப் பார்க்கக் குனிந்தபோதுதான் அந்தப் பத்தொன்பது ஒயரையும் அவள் முதல்முறையாகப் பார்த்தாள். "அட, எவ்வளவு நேர்த்தியாக் கட்டியிருக்கறீங்க" என்றாள்.